இருபத்தஞ்சு புள்ளி ஆறு

தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், நூற்றுச்சொச்சம் பேர் பார்த்திருக்க, அவர்களை மேய்க்கும் கண்டாக்கு அழகுமுத்து நாகலெட்சுமியின் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். ரொட்டியும் சம்பலும் சேற்றில் விழுந்தன. "நேத்து மூணு தடவ கொழுந்து நிறுத்த. மொத்தம் ரெண்டு புள்ளி ஆறு கிலோன்னு ஆபீஸ்ல இருக்கு. மிச்சத்த எங்க வித்த?" என்றார். நாகலெட்சுமி குனிந்து ரொட்டியைப் பொறுக்கினாள். இருபத்தாறு வருசம் அந்த மலையில் அவளைவிடக் கூடக் கொழுந்தெடுத்தவர் கிடையாது. அன்றோடு அவளைப் புல்லு வெட்டப் போட்டார்கள். லயத்து வீட்டுப் பிள்ளைகள்கூட 'கொழுந்து கள்ளி' என்று முணுமுணுக்கத் தொடங்கின.

ஹட்டன் நகரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கடையில் வேலை செய்த மகள் லோஜினிக்கு விசயம் நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று மாலையே பஸ் ஏறி வந்தாள். அம்மா அழுதிருந்தால் அவளுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும். அம்மாவோ மண்வெட்டிக் கொப்புளத்தை ஊசியால் குத்திக்கொண்டு, "மெஷின் பொய் சொல்லாதுங்குறாரு" என்றாள், அவ்வளவுதான்.

மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போதெல்லாம் தராசில் கண்ட எடையை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அம்மாவின் பழக்கம். லோஜினி அந்தக் கொப்பியையும், ஆபீசிலிருந்து அம்மாவின் போனுக்கு வந்த மொத்தங்களையும் அருகருகே வைத்தாள். இருபத்தெட்டு புள்ளி இரண்டு எடுத்த நாளில் இரண்டு புள்ளி ஆறு. இருபத்தேழு புள்ளி ஒன்று எடுத்த நாளில் ஒன்று புள்ளி ஐந்து. கழித்துப் பார்த்தால் எல்லா நாளும் காணாமற்போனது ஒரே அளவு: இருபத்தைந்து புள்ளி ஆறு. நூறு கிராமை ஒன்றாக எண்ணினால் இருநூற்றைம்பத்தாறு. அவளுக்கு விசயம் பிடிபட்டது. கண்டாக்கின் போனில் புதிதாகப் போட்டிருந்த செயலி மூன்று எடையையும் கூட்டி, மொத்தத்தை ஒரே ஒரு பைட் இடத்தில் திணித்து ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு பைட்டில் இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் அடங்காது. அதைத் தாண்டினால் மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணும். குறைவாக எடுத்தவர்களுக்குக் கணக்குச் சரி. நன்றாக எடுத்தவள்தான் கள்ளி.

மறுநாள் பின்னேரம் மூன்று மணல் மூட்டையோடு மடுவத்துக்குப் போனாள். பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"இத உங்க பேர்ல நிறுங்க ஐயா."

"வெளாட்டா?" என்று சிரித்தாலும், அத்தனை பேர் முன்னால் பின்வாங்க அழகுமுத்துவுக்கு மனம் வரவில்லை. பத்து. இன்னொரு பத்து. ஐந்து புள்ளி ஆறு. மொத்தத்தை அனுப்பினார். போன் திரையில் பூச்சியம் வந்தது.

லோஜினி போனை வாங்கி எல்லாருக்கும் காட்டினாள். "மிச்சத்த எங்க வித்தீங்க ஐயா?"

யாரும் சிரிக்கவில்லை. அழகுமுத்துவின் கழுத்து வேர்த்தது. ஆனால் முகத்தில் ஆச்சரியம் இல்லை. முன்னமே சந்தேகப்பட்டு மூடி வைத்திருக்கிறார் என்று லோஜினிக்கு விளங்கியது. அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "அம்மாவ நாளைக்கே கொழுந்துக்கு போட்டுர்றேன். இத செஞ்ச கம்பெனிக்காரனுக்கு என்னான்னு சொல்றது, தங்கச்சி?" என்றார்.

மொத்தத்துக்கு இரண்டு பைட் கொடுக்கச் சொன்னால் போதும். ஒரு வரி மாற்றம்.

"தெரியலைங்க ஐயா," என்றாள்.

அன்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "நெசமாவே தெரியாதா?"

"தெரியும்."

நாகலெட்சுமி இன்னொரு ரொட்டியை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். "கேட்டாலும் சொல்லாத."

கம்பெனியிலிருந்து ஆள் வரும்வரை கையால் எழுதச் சொல்லி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த கிழமை கொத்மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. ஒழுகும் தகரத்தின் கீழே, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, அழகுமுத்து நூற்றுச்சொச்சம் பேரின் எடையைப் பேனையால் எழுதிக் கூட்டினார். மை தாளில் பரவியது. தலையில் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நாகலெட்சுமி அவர் எதிரில் நின்றாள். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது.

"இன்னொருக்கா கூட்டுங்க ஐயா," என்றாள். "மெதுவாவே கூட்டுங்க."