டாண்டிலயன் வறை

இன்று ஆங்கில வகுப்பில் என் முறை. ஒரு செடியின் பெயர் எப்படி வந்தது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் டாண்டிலயனை எடுத்திருந்தேன். மே மாதத்தில், இங்கே நாங்கள் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் புல் இருக்கும் இடமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் களை அது. என்னோடு படிக்கும் யோகராணி அக்கா அதன் இளம் இலையைப் பிடுங்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வார். வகுப்பு உள்ள நாட்களில் எனக்கு இரவுச் சாப்பாடு அவர் வீட்டில்தான். அந்த வறைக்கு நன்றியாகத்தான் அந்தச் செடியை எடுத்தேன்.

நூலகத்தில் ஓர் அகராதியை நம்பாமல் இன்னொன்றையும் பார்த்தேன். பழைய பிரெஞ்சில் ‘சிங்கத்தின் பல்’ என்று பொருள். இலையின் ஓரம் பல் பல்லாக இருப்பதால் வந்த பெயர். இன்றைய பிரெஞ்சுக்காரர் சொல்லும் பெயர் வேறு: ‘படுக்கையை நனைப்பது’. தின்றால் சிறுநீர் நிறையப் போகுமாம். வகுப்பில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தாளில் அந்த வரியை வெட்டிவிட்டேன்.

பலகையில் இலையை வரைந்து, பக்கத்தில் சிங்கத்தின் வாயையும் வரைந்தேன். ரீச்சர் கைதட்டினார். அக்கா தட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் வீடு திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. வழக்கமாகக் குனியும் வேலியடியில் அக்கா நிற்கவில்லை.

“இலை பிடுங்கேல்லையோ அக்கா?”

“இனி உது வேண்டாம் சாம்பவி. கொடியில நிண்டார், அடையாள அட்டையில நிண்டார், இப்ப என்ர சட்டிக்குள்ளயும் வந்திட்டார் சிங்கத்தார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய தம்பியைப் போன வருடம் யாழ்ப்பாணத்தில் சிங்கக்கொடி பறக்கும் காவலரணில் ஆமி மறித்தது. இதுவரை ஒரு தகவலும் இல்லை. அவன் படம் மேசைக்கு நேரே மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாப்பிடுவது. இரண்டு அகராதி பார்த்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

லிஃப்டில் வைத்து மற்றப் பெயரையும் சொன்னேன்.

“அடியே, உதையல்லோ முதல் சொல்லியிருக்க வேணும்!” பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். “தம்பியும் பத்து வயசு மட்டும் பாயை நனைச்சவன்.”

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அக்கா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, வறைக்கென்று கோவாவை, அதுதான் முட்டைக்கோஸை, எடுத்தார்.

“வறை நல்லாயிருக்கு அக்கா,” என்றேன் சாப்பிடும்போது.

“ஓம்,” என்றார். “கோவா தானே.”