நீல மருந்து கழுவிய மறுநாள்

"பிள்ளை, இந்த ஆத்திலை உயிருள்ள ஒண்டும் இல்லையோ?"

சரோஜாதேவி டீச்சர்தான் என்னிடம் கேட்டார். பதுளையிலிருந்து பத்து மாணவிகளைக் கூட்டிக்கொண்டு, பஸ் நிற்குமிடத்திலிருந்து மூன்று மைல் நடந்து, எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து ஆற்றை ஆராய வந்திருந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயா வீட்டில் வேலை செய்யும் நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். பாலத்தடியில் இரண்டு மணி நேரம் கல் புரட்டியும் போத்தல்களில் வெறும் தண்ணீர்தான்.

"டீச்சர், எங்கட வீட்டுக் கிணத்திலை இதைவிடக் கூடப் பூச்சி கிடக்கு" என்றாள் ஜெயமலர் என்ற மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கொப்பியைத் திறந்து, "உயிரினம் எதுவும்" என்று எழுதத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆட்களைக் கண்டால் பேச்சு வராது. ஆனால் ஐயா வீசும் தாள்களைத் தைத்து, ஒருவருக்கும் தெரியாமல் மூன்று வருடமாக இந்த ஆற்றைப் பற்றி எழுதிவருகிறேன். தேயிலைக் கொப்புள நோய்க்கு நீல மருந்து அடிக்கும் ஆட்கள் வெள்ளிதோறும் பாலத்துக்குச் சற்று மேலே பீப்பாய் கழுவுவார்கள். மறுநாள் அதற்குக் கீழே எதுவும் இராது. புதன்கிழமைக்குள் பூச்சிகள் மேலிருந்து மிதந்துவந்து மறுபடி குடியேறும். அன்று சனிக்கிழமை.

தேயிலை ஸ்டோருக்குப் பின்னாலுள்ள குழியில்தான் கழுவ வேண்டும் என்பது தோட்டத் துரையின் உத்தரவு. குழி மேட்டில் இருப்பதால் மருந்துக் கங்காணி ஆற்றிலேயே கழுவ விட்டுவிடுவார். அந்தக் கங்காணி கபிரியேல் என் அப்பா. டீச்சரோ கிளாக்கர் ஐயாவின் தங்கை. உள்ளதைச் சொன்னால் ஐயா வழியாகத் துரையின் காதுக்கு எட்டி, அப்பாவின் கங்காணி வேலை போய்விடும்.

"இருக்குங்க டீச்சர். மேல வாங்க" என்றேன்.

கழுவும் இடத்தைச் சுற்றிக் காட்டுப் பாதையால் அழைத்துப்போனேன். முதல் கல்லைப் புரட்டியதுமே வாலில் மூன்று இழைகள் கொண்ட பூச்சிகள் சிதறி ஓடின. மணலால் கூடு கட்டிய புழுக்கள், நண்டுக் குஞ்சுகள், அயிரை மீன்கள். நீர்நாய் எச்சமிடும் பாறையைக் காட்டினேன். எச்சத்தில் செதில்கள் மின்னின. ஜெயமலர் சட்டை நனைவதைப் பாராமல் தண்ணீரில் முழங்காலிட்டிருந்தாள்.

"இஞ்சை இவ்வளவு கிடக்கு. பாலத்தடியிலை ஏன் இல்லை?" என்றாள். கெட்டிக்காரி.

"அடுத்த சனிக்கிழமை வாங்க. பாலத்தடியிலேயே காட்டுறேன்."

"காட்டாட்டி?"

"ஒண்ணும் இல்லன்னே எழுதிக்குங்க."

டீச்சர் பாதியில் நின்ற வரியைப் பார்த்தார். கொப்பியை மூடி, "சரி, வாறம்" என்றார்.

அன்று மாலை எங்கள் லயத்து வீட்டில் என் கொப்பியை அப்பா முன்னால் வைத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நானே வாசித்தேன். "வெள்ளி: அப்பாவின் ஆட்கள் கழுவினார்கள். சனி: பாலத்தடியில் பதினொரு அயிரை செத்துக் கிடந்தன."

"பெத்த அப்பனையே எழுதி வச்சிருக்கியா? தொரைகிட்ட குடுக்கவா?"

"ஒங்ககிட்ட வாசிக்கத்தான்ப்பா."

"அந்த மேட்டுல பீப்பாய உருட்டச் சொன்னா பயலுக என்னைய ஏச மாட்டானுகளா?"

"ஏசட்டும். அடுத்த சனிக்கிழமை பாலத்தடியில பூச்சி இருக்கும்னு டீச்சர்கிட்ட சொல்லிப்புட்டேன்."

"பெரிய பூச்சி!" என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரம் பாலத்தில் போய் நின்றேன். மருந்து அடிக்கிறவர்கள் பீப்பாய்களோடு இறங்கி வந்தார்கள். முன்னால் அப்பா. பாதை பிரியும் இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு தன் பீப்பாயைக் குழிப் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, ஆறு இங்கிட்டுல்ல இருக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

அப்பா மேட்டில் பீப்பாயை உருட்டிக்கொண்டே போனார்.