தெருவைத் திறக்க ஒரு சாம்பிள்

முத்தாபுதுப்பேட்டையின் அந்த முட்டுச்சந்துக்கு இரண்டு அரசாங்கங்கள். கோட்டையில் இருந்த அரசாங்கம் ஊரடங்கைத் தளர்த்திப் பதினோரு நாளாகிவிட்டது. தெருமுனையில் இருந்தது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் பார்த்தசாரதி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கொரோனாவுக்கு முன்னால் அவர் கூட்டம் போட்டால் போண்டாவுக்குக்கூட ஆள் வராது. தெருவை மறித்துத் தகரம் அடித்து, அதில் ஒரு கதவு வைத்து, சாவியை அரைஞாணில் கட்டிய நாளிலிருந்து, அந்தக் கதவடியில் பால் வாங்க வருகிறவர்கூட அவர் முன்னால் குனிந்து நின்றார். அப்படிப்பட்ட தகரத்தைப் பிரிக்க யாருக்குத்தான் மனசு வரும்?

அந்தோணிராஜுக்கோ அவசரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். திங்கட்கிழமை வராவிட்டால் பாடியில் இருக்கும் வெங்கட் என்பவரை அந்த லேத்தில் நிறுத்திவிடுவதாக முதலாளி போனில் சொல்லிவிட்டார். பதினாறு வருஷம் பழகிய லேத். அதில் இன்னொருவர் கை படுவதை நினைத்தால் அந்தோணிராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

போய்க் கேட்டார். பார்த்தசாரதி ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டு, லாட் என்று சொல்லும் குவியல் குவியலாக, போல்ட் சோதித்து ஓய்வு பெற்றவர்.

"கவர்மென்ட் சொல்றது மாநிலத்துக்கு, அந்தோணி. இது நம்ம லாட். சாம்பிள் பாக்காம லாட்டை வெளிய விட்டது கிடையாது நான்."

தெருவில் அறுபத்து நான்கு பேர். அதில் ஒருவரை வெளியே டீக்கடை வரை அனுப்பித் திரும்ப வரவழைப்பது. ஐந்து நாள் உட்கார வைத்துப் பார்ப்பது. இருமல், தும்மல் இல்லாவிட்டால் தெரு பாஸ். யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அந்தோணிராஜ் கையைத் தூக்கிவிட்டார்.

"ஆடுகூட இப்டி தானா வந்து கழுத்த நீட்டாது," என்றாள் மனைவி ஞானகுமாரி.

டீக்கடைக்குப் போய்வந்தவரின் சட்டையில் சாக்பீஸால் எண் ஒன்று எழுதி, தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வேளைக்கொரு முறை பார்த்தசாரதி வெப்பமானித் துப்பாக்கியை நெற்றிக்கு நேராக நீட்டுவார். அது யாருக்கு நேராக நீட்டினாலும் முப்பத்தொரு டிகிரிதான் காட்டும். டாக்டர் கணக்குப்படி அந்தோணிராஜ் முதல் நாளே இறந்திருக்க வேண்டும். பார்த்தசாரதி பதிவேட்டில் 'திருப்தி' என்று எழுதினார்.

ஞாயிறு மாலை. ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. நாலே முக்காலுக்குப் பார்த்தசாரதியின் மனைவி கஸ்தூரி, சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்க ஆரம்பித்தாள். நெடி தெருவுக்கு வந்தது. அந்தோணிராஜ் மூக்கைப் பிடித்தார், மாதாவைக் கூப்பிட்டார், திங்கட்கிழமையை நினைத்தார். தும்மிவிட்டார்.

செயலாளரின் விசில் ஒலித்தது. லாட் ரிஜெக்ட் என்று அறிவித்த பார்த்தசாரதி, அறிவிப்புக்கு நடுவிலேயே மூன்று முறை தும்மினார். அது பதிவேட்டில் ஏறவில்லை.

"சார், அது உங்க ஊட்டு மிளகா நெடி."

"காரணம் எழுத இதுல கட்டம் கிடையாது, அந்தோணி."

அந்தோணிராஜ் சட்டையில் இருந்த சாக்பீஸ் எண்ணைக் குனிந்து பார்த்தார். லேத் கண்ணில் ஓடியது. பிறகு சாதுவாகக் கேட்டார்: "ரிஜெக்ட் ஆன போல்ட்ட இன்னா சார் பண்ணுவீங்க?"

ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. பார்த்தசாரதி நிமிர்ந்தார். ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "விடிஞ்சப்புறம் உள்ள வெக்க மாட்டேன். கேட்டுக்கு வெளிய தள்ளிட்டுதான் மறு வேலை."

"அப்ப என்னிய மட்டும் ஏன் சார் உள்ளயே வெச்சிகினு கீறீங்க?"

முப்பத்திரண்டு ஆண்டு சர்வீஸ் பின்வாங்க முடியாது. பார்த்தசாரதி அரைஞாணில் சாவியைத் தேடினார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு அந்தோணிராஜ் சாப்பாட்டுத் தூக்கோடு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவு திறந்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். இஸ்திரி வண்டி வேம்புலி முதல் கடைசி வீடு வரை தெருவே வரிசையில் நின்று தும்மிக்கொண்டிருந்தது. பார்த்தசாரதி குனிந்து ஒவ்வொரு பெயராக 'ரிஜெக்ட்' எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் மூன்றாவதாக, பால் பாத்திரத்தோடு கஸ்தூரி.

எட்டு மணிக்கு லேத் ஓடியது. வெங்கட் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

மாலை வீடு திரும்பும்போது தெருமுனையில் தகரம் இல்லை. செயலாளர் வீட்டு வாசலில் கிடந்தது. அதன் மேல் கஸ்தூரி மிச்ச மிளகாயைக் காயப் போட்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தசாரதி விசில் ஊதி ஊதிக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்.