முக்கால் மணி நேரம்

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய காகிதத்தில் ஒரு சொல் அம்சவேணியின் கண்ணை உறுத்தியது. எக்ஸ்ப்ளோரேட்டரி. கணவன் தணிகைவேலின் வயிற்றில் செய்யப்போகும் ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்போனில் தட்டிப் பார்த்தாள். தேடிப் பார்க்கிற, ஆராய்ந்து அறிகிற என்று பொருள் வந்தது. மூன்று ஸ்கேன் எடுத்த பிறகும் இன்னும் எதைத் தேடப்போகிறார்கள்?

நர்ஸிடம் கேட்டாள். கட்டி இருப்பது தெரிகிறது, எதுவரைக்கும் பரவியிருக்கிறது என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும், எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவார்கள் என்றாள் நர்ஸ். முடியாவிட்டால் என்ன என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும்தான். வெளியே இருந்துகொண்டு நாம் ஆயிரம் சொல்லலாம், அந்த இடத்தில் நின்றால் வாய் வராது.

காலை ஒன்பது மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள்.

அம்சவேணி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் பதினோரு வருஷமாக சூப்பர்வைசர். மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் வைத்து வேலை வாங்குகிறவள். அங்கே சீக்கிரம் முடிந்தால் வேலை சுத்தம். இழுத்தால் எங்கோ கோணல், பிரித்துத் தைக்க வேண்டும். அந்தக் கணக்கையே ஆபரேஷனுக்கும் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் நல்லபடியாக முடிந்தது என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டாள். நாட்றம்பள்ளியிலிருந்த கொழுந்தனாருக்கும் போன் செய்து சொன்னாள். கூட வேலை செய்யும் ஹலீமா பீ உடனே கூப்பிட்டு அழுதாள். தையல் லைனில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டாளாம்.

பதினோரு மணிக்கு டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"தொறந்து பாத்தோம்மா. ஈரல், குடல், எல்லா எடத்துக்கும் பரவிடிச்சு. எதுலயும் கை வெக்க முடியல. அப்டியே மூடிட்டோம்."

"அப்போ ஒண்ணும் எடுக்கலயா சார்?"

"இல்லம்மா. எடுத்திருந்தா நாலஞ்சு மணி நேரம் ஆயிருக்கும்."

டாக்டர் மருந்து பற்றி, மாதங்கள் பற்றி ஏதேதோ சொன்னார், அம்சவேணிக்கு ஒன்றும் ஏறவில்லை. முக்கால் மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று ஊரெல்லாம் டமாரம் அடித்தோமே என்பதுதான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்திருக்கிறது. அதற்குப்போய் சாக்லேட்.

மூன்று மணிக்குத் தணிகைவேலை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கண் திறந்தான். வலி என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"எவ்ளோ நேரம் ஆச்சு வேணி?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரக் கணக்கின் அர்த்தம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்குச் சொல்லாமல் டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அஞ்சு மணி நேரம்" என்றாள். குரல் பிசிறவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம்.

"அப்பாடா. சீக்கிரம் முடிஞ்சா தான் பேஜார்னு டாக்டர் சொன்னாரு" என்றவன் அவள் விரலைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் தூங்கும்வரை இருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சாயங்காலம் கம்பெனியே திரண்டு பார்க்க வரும். ஹலீமாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அஞ்சு மணி நேரம் ஆச்சுன்னு எல்லார் கிட்டயும் சொல்லிடு. அவர் காதுல வேற எதுவும் விழக்கூடாது."

"இன்னாடி சொல்ற? முக்கா மணி நேரத்துல நல்லா முடிஞ்சிச்சுன்னு நீ தானே சொன்ன?"

அம்சவேணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது.