இலுப்பைக் கொட்டை

விடிந்ததிலிருந்து ரம்ஜான் பீயும் கனகமாலாவும் சாக்கோடு கேட்டுக்கு வெளியே குந்தியிருந்தார்கள். உள்ளே இலுப்பை மரங்கள். ராத்திரி வௌவால்கள் பழத்தைத் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டைகள் புதுச் சிமென்ட் கல் தரையில் பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தன.

போன ஆடி வரைக்கும் திருப்புட்குழிக்கு வெளியே அது வேலியில்லாத தோப்பு. யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். இவர்கள் இருவரும் சேர்ந்து பொறுக்கி, உடைத்து, பருப்பைக் காயவைத்து, வாலாஜாபாத் செக்கில் ஆட்டி வருவார்கள். கூலிக்குப் பிண்ணாக்கை விட்டுவிட்டால் போதும். கனகமாலாவின் பங்கு அவள் ஊர்ச் சமணக் கோயிலான ஜினாலயத்து விளக்குக்கு. ரம்ஜான் பீயின் பங்கு வீட்டுக்காரர் சனாவுல்லாவின் முழங்காலுக்கு. தகரப் பட்டறையில் காலை மடக்கி உட்கார்ந்தே பெட்டி அடித்தவர். எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தால்தான் எழுந்து கக்கூசுக்குப் போவார்.

இப்போது தோப்பை வாங்கியவர்கள் சுவர் எழுப்பிக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மேனேஜர் வேணுகோபால் பைக்கில் வந்து நின்றதும் இருவரும் எழுந்தார்கள்.

"கொட்டையை மட்டும் பொறுக்கிக்கினு போயிடறோம் சார்," என்றாள் ரம்ஜான் பீ.

"அதெல்லாம் கெடையாதும்மா. பெருக்க ஆள் வேணும், வர்றீங்களா? கெஸ்ட்டுங்க வழுக்கி விழுறாங்க. வாரி குப்பை வண்டில போட்டுடணும்."

"வாரினத நாங்க எடுத்துக்கினா?"

"அப்புறம் எங்க பெருக்குவீங்க? பொறுக்கிக்கினே இருப்பீங்க."

கனகமாலா சாக்கை உதறி மடித்தாள். "குப்பைல போடறதுக்கு நம்ம கையாலயே வாரணுமா? வா ரம்ஜானு, போலாம்."

ரம்ஜான் பீ நகரவில்லை. "நீ போ கனகா. அவரு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல."

கனகமாலா மடித்த சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

ரம்ஜான் பீ பெருக்கினாள். முறத்தில் வாரி வண்டியில் கொட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் எண்ணெய் கொட்டிப்போகிற மாதிரி இருந்தது. ஒரு முகூர்த்தத்தன்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவில் கொட்டைகளை நிரப்பி, மேலே துணி போட்டு மூடினாள். போகும்போது கேட்டில் வாட்ச்மேன் சிவராஜ் டப்பாவைத் திறக்கச் சொன்னார். வேணுகோபால் பக்கத்திலேயே நின்றிருந்தான். மூடியைத் திறக்கும்போது டப்பா நழுவியது. கொட்டைகள் வாசலெங்கும் உருண்டன.

"திருடுறதுக்கா வேலை குடுத்தேன்?"

"குப்பைல போறதுதான சார்?"

"குப்பையா இருந்தாலும் எங்க குப்பைம்மா. பொறுக்கி வண்டில போடு."

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றிப் போனார்கள். ரம்ஜான் பீ மண்டியிட்டுப் பொறுக்கினாள். சிவராஜ் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் சனாவுல்லா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்னா, இன்னிக்காவது கொட்டை கெடச்சுதா?"

"இந்த வருஷம் மரம் காய்க்கவே இல்லீங்க."

அவர் முழங்காலை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டார். "அல்லா குடுக்கலேன்னா யாரக் கேக்கறது?"

அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

மறுநாள் அவள் போனபோது ஆட்கள் ஏணி போட்டு ஏறி, மரத்துக்கு மரம் பச்சை வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே கார் நிறுத்தணுமாம், மேலே கொட்டை விழக் கூடாதாம். "இனிமே இங்க பெருக்கறதுக்கு ஒண்ணுமில்ல, பாத்திரம் கழுவப் போ," என்றான் வேணுகோபால். அவள் போனாள்.

ஆவணியில் நாலு மழை பெய்தது. சாம்பார் குண்டானைத் தேய்த்துவிட்டு இடுப்பை நிமிர்த்தியவள் மரத்தடியைப் பார்த்தாள். கொட்டை கனத்து வலை தொட்டில் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்து கிடந்தவை அங்கேயே முளைத்துவிட்டிருந்தன. வலைக்கண் வழியே வெள்ளை வேர்கள் விரல் நீளத்துக்கு இறங்கி, கார்களின் கூரைக்கு மேல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.