ஆளுக்குப் பாதி

பதினான்கு வருஷமாக ஸ்டெல்லாமேரி பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டே இருக்கிறாள். முத்தியால்பேட்டையில் அவளிடம் பெட்ரோல் போடாத வண்டி குறைவு. தூக்கத்தில்கூட "ஜீரோ பாத்துக்குங்க" என்கிறாள் என்று புருஷன் மார்ட்டின் கேலி செய்வான். அவனுக்கென்ன, கேலி செய்தால் கால் வலிக்காது. அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது.

அதனால்தான் அந்த நாற்காலியைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. பங்க்கின் ஓரத்தில் கரண்ட் வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் மிஷின் வந்து இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு வண்டிக்குச் சார்ஜ் ஏற முக்கால் மணி நேரமாம். அதுவரை ஆள் உட்கார்ந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் பக்கம் உட்கார்ந்தால் மேலே இருக்கும் கேமரா முதலாளியிடம் கோள் சொல்லிவிடும்.

முதலாளி புருஷோத்தமன் கெட்டவர் இல்லை. நல்லவர் என்று சொல்லவும் நாக்கு எழாது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து உன் பம்ப்பையும் கொளஞ்சி பம்ப்பையும் மூடறேன். சார்ஜிங்குக்கு ஒரு ஆள் போதும். நீயா, அவளான்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

பழி என் தலையிலயா என்று கேட்க நினைத்தாள். தலையை ஆட்டிவிட்டுப் பம்ப்புக்குத் திரும்பினாள்.

அடுத்த பம்ப்பில் நிற்கும் கொளஞ்சி பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் ஏறி வருபவள். கொரோனாவில் புருஷனைப் பறிகொடுத்தவள். அதற்கு முந்தின வருஷம், ஊரடங்கில் வண்டியே ஓடாதபோது, கூடுதல் சம்பளக்காரி என்று ஸ்டெல்லாமேரியை நிறுத்தப் பார்த்தார் முதலாளி. "ஆளுக்குப் பதினஞ்சு நாள் பாக்கறோம் சார், அக்காவ அனுப்பாதீங்க" என்று மல்லுக்கு நின்றது கொளஞ்சிதான். அரைச் சம்பளத்தில் இரண்டு குடும்பம் எட்டு மாதம் ஓடியது. அந்தச் சோற்றை மறக்க முடியுமா?

அந்த வேலைக்குத் தன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. கொளஞ்சி பெயரைச் சொல்ல, உள்ளதைச் சொன்னால், மனசு வரவில்லை. மறுநாள் முதலாளியிடம் போய், "கொரோனால செஞ்ச மாதிரியே ஆளுக்குப் பாதி நாள் பாத்துக்கறோம் சார்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கொரோனாவில் படுத்த தொழில் புகையில்லாத வழியில் எழுந்து நிற்க அரசாங்கம் கொடுக்கும் மானியத்துக்கான காகிதம். அதில் ஒரு நிபந்தனை: இந்த மாற்றத்தால் யாருக்கும் வேலை போகக் கூடாது. ஊழியர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தானே ஆளை நிறுத்தாமல், ஒருத்தி தானாகவே போனதாகக் காட்ட அவளை முடிவு பண்ணச் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யாரையும் நிறுத்தல பாரு. பொய் சொல்லாம எழுதலாம்" என்றார்.

சம்பளமும் பாதி என்று எழுத அதில் கட்டமே இல்லை. ஸ்டெல்லாமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் இருவரில் ஒருத்தி வீட்டுக்குப் போக வேண்டும். போட்டாள்.

கொளஞ்சியும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். வெளியே வந்ததும் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டு, "நீ உக்காருக்கா" என்றாள்.

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டெல்லாமேரி அங்கே உட்கார்ந்தாள். கால் வலி குறையவில்லை. கொளஞ்சி அந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொரோனா முடிஞ்சி போச்சின்னாங்களேக்கா?"