கயிறு கட்டிய மூன்றாம் மாதம்

கண்ணையன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இது மூன்றாவது நாள். அவர் மனைவி தனக்கொடி பால் சொம்போடு நின்று பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"குடத்துல தண்ணி இருக்குது. கொப்புளி."

"தனம், நான் குடிக்கலடி."

"நான் கேட்டனா?"

"நீ கேக்கல. உன் மூஞ்சி கேக்குது."

அவர் மணிக்கட்டில் முனீஸ்வரன் கோயில் கயிறு கிடந்தது. ஆறு மாதத்துக்குக் குடிக்க மாட்டேன் என்று பூசாரி முன்னால் சத்தியம் செய்து கட்டியது. இப்போது மூன்றாவது மாதம் ஓடுகிறது. கயிற்றோடு குடித்தவனைச் சாமி சும்மா விடாது, குடலைப் புரட்டி வெளியே தள்ளிவிடும் என்பது கரையாம்புத்தூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன வருஷம் கயிற்றோடு சாராயக்கடைக்குப் போன கலைவேந்தன், நடுரோட்டில் வாந்தி எடுத்ததை ஊரே பார்த்தது.

கயிறு கட்டிய அன்று தனக்கொடியும் ஒன்று சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை குடித்தால் வில்லியனூருக்கு, மகள் இளவரசி வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று.

"வேணும்னா ஊதிக் காட்டறன். மோந்து பாரு."

"எனக்கு எங்கய்யா வாசன தெரியுது? கொரோனாவுல போன மூக்கு. சாணியும் ஒண்ணுதான், சாம்பாரும் ஒண்ணுதான்."

"அதனாலதான் சந்தேகப்படற."

"மூக்கு இருந்த காலத்துல இருபத்தேழு வருஷம் மோந்தன். அப்பவும் நீ குடிக்கலன்னுதான் சொன்ன."

கண்ணையன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டதுல இருந்துதான்டி இப்படி. காலையில வெறும் வயித்துல போடறன். அரை மணி நேரத்துல கொமட்டிக்கிட்டு வருது."

"வயித்த சரி பண்ணத்தான்யா மாத்திரை. மாத்திரை போட்டு எவனாச்சும் வாந்தி எடுப்பானா?"

"கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டுமா?"

"வேணாம். கை வெந்துடும். அதுக்கும் நான்தான் மருந்து போடணும்."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கி வைத்தாள். நான்கு புடவைகளைக் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பஸ் ஏறினால் அவளுக்குக் குமட்டும். ஸ்டாப்பை ஒட்டிய மருந்துக் கடையில் அவள் பெரியப்பா மகனின் பெண் அனுப்பிரியா இருந்தாள்.

"அனு, பஸ்ஸுல போட்டுக்கற மாத்திரை ஒண்ணு குடு."

"இன்னா அத்த, குடும்பத்தோட வாந்தியா? நேத்துதான் மாமா வந்தாரு."

"எதுக்கு?"

"வாந்திக்கு மாத்திரை வேணும்னு. சீட்டைக் காட்டுங்கன்னேன். நெஞ்செரிச்சலுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காரு இல்ல, அது சில பேருக்கு ஒத்துக்காது அத்த. கொமட்டும், வாந்தி வரும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தருவாங்கன்னு சொல்லி அனுப்புனேன். சொல்லலையா?"

"மாத்திரையே வாந்தி வர வைக்குமா?"

"வரும். டப்பாவுல மடிச்சு வச்ச தாள்லயே போட்டிருக்கும்."

"குடிக்காதவங்களுக்குமா?"

"மாத்திரைக்கு இன்னா தெரியும் அத்த, யாரு கயிறு கட்டியிருக்காங்க, யாரு கட்டலன்னு?"

அனுப்பிரியா சிரித்தாள். தனக்கொடி மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

"ஒரு கவரும் குடு."

வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் கண்ணையன் நின்றிருந்தார். சட்டையை மாற்றியிருந்தார்.

"எதுக்கு வந்த?"

"பஸ் ஏத்தி விடலாம்னு."

"டாக்டர் சீட்டு?"

"சட்ட ஜோபியிலதான் இருக்குது."

"மாத்திரை?"

"அதுவும்."

"மாட்டுக்கு?"

"தண்ணி காட்டிட்டன்."

வில்லியனூர் பஸ் வந்து நின்றது.

"ஏறு."

"நானா? எங்கடி?"

"அரியூரு ஆஸ்பத்திரிக்கு. வில்லியனூர்ல எறங்கி மாறணும். ஏறுய்யா, வழிய மறிச்சிட்டு நிக்காத."

அவள் உட்கார்ந்தாள். அவர் அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கரும்புக் கொல்லைகளைத் தாண்டியது. பிறகு பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"இப்பவாச்சும் நம்பறியா?"

தனக்கொடி உள்ளே தேடிப் பார்த்தாள். நம்பிக்கை என்பது சாம்பார் வாசனைபோல, பேர் மட்டும்தான் நினைவில் இருந்தது.

"தெரியலய்யா. மாத்திரைய மாத்துனதும் வாந்தி நிக்குதான்னு பாக்கலாம்."

"அதுவரைக்கும்?"

அவள் திரும்பாமலே கவரைப் பின்னால் நீட்டினாள்.

"வந்தா இதுல எடு. ஜன்னல்ல தலைய நீட்டாத."

அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டைப்பைய இளவரசி வூட்ல வச்சிடலாமா?" என்று கேட்டார்.

"மடியிலயே கெடக்கட்டும். சாயங்காலம் பால் கறக்க வந்துடணும்."